குறை கேட்கும் அண்டா

"உப்புக் கம்மின்னு சொன்னா உங்க வாய் என்ன கோணிக்கவா போகுது?"

"உப்பு சரியாத்தானே இருக்கு, நான் எப்படி..."

"சரியா இருந்தா இருந்துட்டுப் போகட்டும். ஊரே சொல்லுது, நீங்களும் ஒரு வார்த்தை..."

"அந்தம்மா காலையிலேர்ந்து அடுப்புல வேகுறாங்க. அவங்க மூஞ்சியப் பார்த்துக்கிட்டே எப்படிச் சொல்றது?"

"அப்ப உங்க பொண்ணு மூஞ்சியப் பார்த்துக்கிட்டுச் சொல்லுங்க."

வரிசையின் கடைசியில் நின்றபடி புருஷனும் பெண்டாட்டியும் இப்படி மல்லுக்கட்டியதற்குக் காரணம், குடும்ப உதவிச் சங்கத்தின் கஞ்சி அண்டா குறை சொன்னால் நிரம்பியது, நன்றி சொன்னால் வற்றியது என்பதுதான்.

ஆலை மூடிய வருஷம் தொடங்கிய சங்கம் அது. ஆலைக்குப் பின்னால் அதை நம்பியிருந்த கடைகளும் ஒவ்வொன்றாகக் கதவை இழுத்து மூடிவிட்டன. ஜனங்கள் வீட்டிலேயே முடி வெட்டிக்கொண்டதால் முடிதிருத்துகிறவரும், பல்வலியைத் தள்ளிப்போட்டதால் பல் டாக்டரும் தட்டோடு வந்து நிற்கும்படி ஆயிற்று. பழைய பஸ் கொட்டகையில் அடுப்பு மூட்டி, ஒரு மூட்டை அரிசியோடு முதல் நாள் கஞ்சி காய்ச்சினார்கள். வேலை போன டிரைவர் ஒருவர் ஒரு வாய் வைத்துவிட்டு, இதை மாட்டுக்கு வைத்தால் மாடே கோபித்துக்கொள்ளும் என்றார். அண்டாவில் கஞ்சி ஒரு சாண் ஏறியது. அரிசி ஊறியிருக்கும் என்று சமையல்காரம்மா நினைத்துக்கொண்டாள். மறுநாள் ஒரு பெரியவர், நீங்கள் எல்லாரும் நன்றாக இருக்க வேண்டும் என்று கையெடுத்துக் கும்பிட்டார். கரண்டி அடியில் போய் இடித்தது.

இதற்காக யாரும் ஆச்சரியப்பட்டு நின்றுவிடவில்லை. வேலை இருந்தது. சங்கத்துச் செயலாளரான மருந்துக்கடைக்காரர், 'வரிசையில் வரவும்' என்ற பலகைக்குக் கீழே 'நன்றி சொல்லாதீர்' என்று இன்னொரு பலகை அடித்தார். ஜனங்களும் சீக்கிரம் பழகிக்கொண்டார்கள். கை நீட்டி வாங்குகிற கூச்சத்தில் கூனிக்கொண்டு வந்தவர்கள், குழைந்துவிட்டது, வேகவில்லை, நீர்த்துவிட்டது என்று அதட்டி வாங்கிப்போகும்போது முதுகு நிமிர்ந்து போனார்கள். தையற்காரரின் மாமியார் சொல்கிற குறை இரண்டு தெருவுக்குக் காணும் என்பதால் அவளை மட்டும் சங்கம் வண்டி வைத்து அழைத்து வந்தது. மருமகனுக்கு அந்த ஒரு மணி நேரம்தான் ஓய்வு. சமையல்காரம்மா முதல் வாரம் வீட்டில் போய் அழுதாள். பிறகு, யாராவது பேசாமல் வாங்கிப்போனால் உடம்புக்கு என்ன என்று விசாரிக்கத் தொடங்கினாள்.

இந்த ஒழுங்கெல்லாம் ஒரே ஒரு ஆளிடம்தான் இடறியது. அவர் பெரிய கடையொன்றில் வாடிக்கையாளர்களின் புகார் கேட்கும் மேசையில் இருபது வருஷம் உட்கார்ந்தவர். சுருங்கிய சட்டைக்கும் ஓடாத மின்விசிறிக்கும் ஊரெல்லாம் அவரைத் திட்டியது. மன்னிக்கணும், சரி பண்ணிடறோம் என்று சொல்லிச் சொல்லி, தன் வாயால் ஒரு குறை சொல்லும் சக்தியே அவரிடம் இல்லாமல் போயிருந்தது. கடை மூடிய பிறகு பெண்டாட்டி, பெண்ணோடு சங்கத்துக்கு வந்தார். கஞ்சியை வாயில் வைத்ததும் நல்லாருக்கு என்றார். நாலு பேர் சாப்பாடு காணாமல் போனது. அதிலிருந்து அவர் பெயரே நல்லாருக்கு என்று ஆகிவிட்டது. வாயைத் துண்டால் கட்டிக்கொண்டு வரச் சொன்னார்கள். கட்டிக்கொண்டு வந்து, பிரமாதம் என்பதுபோலத் தலையை ஆட்டினார். தலையாட்டலுக்கும் அண்டா இறங்கியது. கடைசியில் செயலாளர் அந்த அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டு, தவறாக நினைக்கக் கூடாது என்று ஆரம்பித்து, இன்றைக்கும் அவர் ஒரு குறை சொல்லாவிட்டால் நாளையிலிருந்து உங்கள் மூன்று தட்டையும் நிறுத்த வேண்டியிருக்கும் என்று முடித்தார். வீட்டில் அடுப்பு மூட்ட ஒன்றுமில்லை. சண்டை அதனால்தான்.

அதே நாளில்தான் நன்கொடையாளர்கள் பார்வையிட வந்தார்கள். மூட்டை மூட்டையாக அரிசி அனுப்பியவர்களை மூஞ்சியில் அடித்த மாதிரி அனுப்பக் கூடாது என்று செயலாளருக்குக் கவலை. சாப்பிட்டு முடித்தபின் எல்லாரும் ஒரே ஒரு தடவை சேர்ந்து நன்றி சொல்வதாக ஏற்பாடு செய்து ஒத்திகையும் பார்த்திருந்தார். காலி அண்டா வற்றினால் யாருக்கு நஷ்டம் என்பது அவர் கணக்கு. ஆனால் வந்தவர்களுக்கு வேறு ஜோலி இருந்தது. நன்றியையும் போட்டோவையும் முதலில் முடித்துவிடலாம் என்றார்கள். கொட்டகையே அதிரும்படி ஜனங்கள் நன்றி சொன்னார்கள். மனம் குளிர்ந்து விருந்தாளிகள் காரில் ஏறும்போது, சமையல்காரம்மா மூடியைத் திறந்து பார்த்துவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

வரிசை முழுக்கக் குறை சொல்லிப் பார்த்தது. உப்புக் கம்மி, புளிச்சுப்போச்சு, கல்லு கிடக்கு. கஞ்சியே இல்லாத அண்டாவில் கல் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. தையற்காரரின் மாமியார் தன் மருமகனைப் பற்றிக்கூடச் சொல்லிப் பார்த்தாள். கொஞ்சம் ஆவி வந்தது, அவ்வளவுதான். தினமும் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன குறைகளை அண்டா சட்டை செய்யவில்லை.

சமையல்காரம்மா அடியைச் சுரண்டினாள். கிடைத்த ஒரு கரண்டியை, சின்னப் பெண்ணாக இருக்கிறாளே என்று நல்லாருக்கின் மகள் தட்டில் போட்டாள். பெண் வாயில் வைத்தாள், விழுங்க முடியாமல் அப்பாவைப் பார்த்தாள். அவர் ஒரு விள்ளல் எடுத்துத் தின்றார். தின்றுவிட்டுச் சமையல்காரம்மா பக்கம் திரும்பினார்.

"தீய்ஞ்சிருக்கும்மா" என்றார்.

அண்டா ஒருமுறை கனைத்தது.

"இன்னிக்கு மட்டும் இல்ல. முதல் நாள்லேர்ந்தே தீய்ஞ்ச வாடைதான். எங்களுக்கு வேற வழியில்ல, அதான் தின்னோம்."

கஞ்சி விளிம்பைத் தாண்டி அடுப்பை அணைத்து, கொட்டகையை நனைத்து, தெருவில் இறங்கியது. ஜனங்கள் வாளி, குடம், தொப்பி என்று கிடைத்ததில் மொண்டார்கள். பல் டாக்டர் தன் வீட்டுக் குளியல் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். இனி மூன்று தட்டும் நிரந்தரம் என்று செயலாளர் முழங்கால் கஞ்சியில் நின்றபடி அறிவித்தார். நல்லாருக்கு சமையல்காரம்மாவிடம் மன்னிக்கணும் என்றார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரமே வந்து ருசி பார்த்துச் சொல்ல முடியுமா என்று கேட்டாள். அவர் சரி என்றார். எல்லாரும் அப்படியே தெருவோரம் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

அவருடைய பெண்டாட்டி மட்டும் தட்டில் கை வைக்காமல் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஏங்க, அப்ப இத்தனை வருஷமா நான் ஆக்கிப் போட்டதையும் நல்லாருக்கு நல்லாருக்குன்னு சாப்பிட்டீங்களே, அது?"