நாலு பேட்டரி போதும்

கோழியக்காவுக்கு எல்லா விலையும் குஞ்சுக் கணக்குதான். மூக்குக் கண்ணாடி அறுபது குஞ்சு, மகளின் பள்ளிக் கட்டணம் முந்நூறு குஞ்சு. முட்டை வாங்கி, இயந்திரத்தில் அடைவைத்து, குஞ்சு பொரித்து விற்கும் தொழிலுக்கு வந்த ஒன்பது வருடத்தில் வேறு மாதிரி நினைக்கவே அவளுக்கு வராமல் போய்விட்டது. பள்ளி வேன் ஓட்டும் அவள் புருஷன் மட்டும், "என்கிட்ட பணத்துல பேசு, தாயே" என்று கையெடுத்துக் கும்பிடுவான்.

அடிக்கடி கரண்ட் போகும் தெரு அது. அவளுடைய டீசல் ஜெனரேட்டர் மாதம் இருநூறு குஞ்சை விழுங்கிக்கொண்டிருந்தது. ஆகவே சோலார்காரரைக் கூப்பிட்டாள். அவர் அவளுடைய இயந்திரத்துக்கு ஒரு நாள் முழுக்க மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "எட்டு பேட்டரி வேணும்க்கா. ஒண்ணு குறைஞ்சாலும் நான் பொறுப்பில்ல" என்றார்.

ஒரு பேட்டரி ஆயிரத்து இருநூறு குஞ்சு. எட்டுக்கு ஒன்பதாயிரத்து அறுநூறு. அது முட்டை வாங்கிய காசைக்கூடக் கழிக்காத நாலரை மாத விற்பனை.

"அப்புறம் பேட்டரிக்காகத்தான் நான் குஞ்சு பொரிக்கணும். நீங்க என்னைக்கு அளந்தீங்க?"

"திங்கக்கிழமை."

"அன்னைக்குத்தானே ஆயிரத்து எண்ணூறு முட்டையையும் உள்ள வச்சேன்! எல்லாம் ஜில்லுனு இருந்திருக்கும். மூணாவது வாரம் அளந்து பாருங்க. ஹீட்டர் பாதி நேரம் சும்மா கிடக்கும். உள்ள வளர்ற உயிரே சூடு குடுக்கும்."

"அக்கா, முட்டை கரண்ட்டைக் குடிக்கும். குடுக்காது" என்று அவர் வயிறு குலுங்கச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. நாலே நாலு பேட்டரி வாங்கினாள். மொத்தமாக அடைவைப்பதையும் நிறுத்தினாள். வாரத்துக்கு அறுநூறு முட்டை மட்டும். பொரியப் போகிறவை கீழ்த்தட்டில், நடுவயதுக்காரர்கள் நடுத்தட்டில், புதிதாக வந்தவை மேலே. கீழே கிளம்பும் சூட்டை மின்விசிறி மேலே தள்ளும். பணம் பற்றாமல் ஜெனரேட்டரைப் பக்கத்து வெல்டிங் கடைக்காரருக்கு விற்றாள். "இருந்த ஒரே துணையையும் தாரை வார்த்துட்டியே" என்று புருஷன் தலையில் கைவைத்துக்கொண்டான்.

இரண்டாவது மாதம் காற்றும் மழையும் அடித்ததில் மரம் சாய்ந்து மின்கம்பி அறுந்தது. வானம் மூடியது மூடியபடியே இருந்தது. மூன்றாம் நாள் காலையில் பேட்டரியில் மீதி முப்பத்தொரு சதவீதம். இருபதுக்கு வந்தால் இன்வெர்ட்டர் தானாக நின்றுவிடும். நின்றால் மூன்று வாரத்து உழைப்பும் கூழ்முட்டை. முன்பணம் தந்தவர்கள் வாசலில் வந்து நிற்பார்கள். அவளுக்குப் பயமில்லை என்று சொன்னால் அது பச்சைப் பொய். காலையிலிருந்து அவள் ஒரு வாய் சோறு தின்னவில்லை.

மதியம் இரண்டு மணிக்கு வாசலில் தள்ளுவண்டி கடகடத்தது. அதன்மேல் அவளுடைய பழைய ஜெனரேட்டர்! வெல்டிங்காரரும் புருஷனும் தொப்பலாக நனைந்தபடி தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

"ஒரு நாள் வாடகைக்குக் கேட்டு வாங்கிட்டு வந்திருக்கேன். உன் வீம்பை அப்புறம் வச்சுக்கலாம்" என்றான் புருஷன்.

"சரி. ஆனா ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி இங்க வாங்க. கையைத் துடைச்சுட்டு கீழ்த்தட்டுல வைங்க. சட்டுனு, கதவைத் திறந்தே வைக்கக் கூடாது."

வைத்தான். முட்டைகள் அவன் உள்ளங்கையைவிடச் சூடாக இருந்தன.

"ஹீட்டர் லைட் எரியுதா?"

சிவப்பு விளக்கு அணைந்திருந்தது. அவன் கதவைச் சாத்திவிட்டு அதையே முறைத்துக்கொண்டு நின்றான். கால் மணி நேரமாயிற்று. விளக்கு ஒரே ஒரு தடவை, கொஞ்ச நேரம் எரிந்து அணைந்தது. பேட்டரி மானியைப் பார்த்தான். இப்போதும் முப்பத்தொன்று. மேகத்தை மீறிக் கூரைமேல் இருந்த சோலார் தகடுகளில் விழுந்த கொஞ்ச வெளிச்சமே இயந்திரத்துக்குப் போதுமானதாக இருந்தது.

"காலையில இருந்து குறையவே இல்லையா?"

"அதைத்தான் நானும் சோறு தண்ணி இல்லாம உட்கார்ந்து பார்த்துட்டு இருக்கேன்" என்றாள். சிரித்தபடியே எழுந்து போய்ச் சோற்றுப் பானையைத் திறந்தாள்.

ஜெனரேட்டர் வந்த வழியே திரும்பிப் போனது. ஓடாத இயந்திரத்துக்கு வாடகை கேட்க வெல்டிங்காரருக்கே வாய் வரவில்லை. இரவில் பேட்டரி மானி இருபத்துநாலு வரை இறங்கியது; மறுநாள் வெயில் வந்தது. அதற்கடுத்த நாள் அறுநூறில் ஐந்நூற்று நாற்பத்தொன்று பொரிந்து, அறை முழுக்கக் கீச்சுக் கீச்சென்று ஒரே ரகளை.

அந்த வாரமே சோலார்காரர் மீட்டரோடு வந்தார். ஒரு நாள் முழுக்க அளந்தார். முன்பு அளந்ததில் பாதிகூட இல்லை. காதைச் சொறிந்துகொண்டு வாசலில் நின்றார்.

"இன்னொரு பண்ணையிலயும் எட்டுன்னு சொல்லிட்டு வந்திருக்கேன்க்கா. அங்க என்ன சொல்றது?"

"முட்டைக்கு என்ன வயசுன்னு முதல்ல கேளுங்க. அப்புறமா மீட்டரை எடுங்க."

வேனுக்குள் துடைத்துக்கொண்டிருந்த புருஷன் தலையை வெளியே நீட்டினான். "யோசனை சும்மா கிடைக்காதுப்பா. நூறு குஞ்சு எடுத்து வை!"