இங்வில்ட் வைத்த பொத்தான்

ட்ரோன்ட்ஹெய்ம் நகரில், ஆற்றோரத்துப் பழைய மரக்கிடங்கு ஒன்றில் இருந்தது அந்தச் சின்ன நிறுவனம். நிரல் எழுதுகிறவர்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் பதிந்து வைத்து, கேட்டபோது பழைய நிலையை எடுத்துக் கொடுக்கும் மென்பொருளை விற்றுவந்தார்கள். கெட்டிக்கார மென்பொருள்தான். ஆனால் புதிதாக வருகிறவர்கள் தொடவே பயந்தார்கள். அந்தப் பயத்தைப் போக்கத்தான் திரை வடிவமைப்பாளரான இங்வில்டை வேலைக்கு எடுத்தார்கள்.

வந்த வேகத்தில் திரை முழுவதையும் மாற்றி வரைந்தாள். தட்டச்சுக் கட்டளைகள் இருந்த இடத்தில், மாற்றங்களைக் கிளைகளாகக் காட்டும் ஒரு மரப் படம், கண்ணுக்கு இதமான நிறங்கள். மென்பொருளின் அடித்தளத்தை எழுதிய தூர்கெய்ர், காபியை உறிஞ்சியபடி அதைப் பார்த்தார்.

"அழகா இருக்கும்மா. சுவத்துல மாட்டலாம்."

இங்வில்டுக்குச் சிரிப்புத்தான் வந்தது. வெளியிலிருந்து சிலரை அழைத்து, பயன்படுத்திப் பார்க்கச் சொன்னாள். எல்லோருக்கும் மரம் பிடித்திருந்தது. ஆனால் தங்கள் வேலையை இன்னொருவர் வேலையோடு இணைக்கும் இடம் வந்ததும் கை நின்றுவிட்டது. குன்வோர் என்ற பெண், இணைக்கும் பொத்தானை அழுத்துமுன் எல்லாக் கோப்புகளையும் வேறிடத்தில் நகலெடுத்து வைத்தாள். முன்பு ஒருமுறை இப்படி இணைத்தபோது தன் வேலை மொத்தமும் காணாமல் போனதாம். அதிலிருந்து நம்புவதில்லையாம்.

தான் வரைந்ததை அப்படியே ஓரங்கட்டிவிட்டு, இங்வில்ட் நேராகத் தூர்கெய்ரிடம் போனாள்.

"காணாமப் போச்சுங்கிறாங்களே, நிஜமாவே போயிடுமா?"

"எங்க போகும்? பதிஞ்சது உள்ளதான் கிடக்கும். தேடி எடுக்கத் தெரியணும்."

"யாருக்கெல்லாம் தெரியும்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "எனக்குத் தெரியும்."

"அப்ப மத்தவங்களுக்குப் போனது போனதுதானே?"

கையேட்டைப் படிக்காதவர்களுக்குத் தான் பொறுப்பில்லை என்று அவர் முணுமுணுத்தார். அவள் அடுத்த சோதனைக்கு அவரையும் கூப்பிட்டு, வாயே திறக்கக் கூடாது என்று சொல்லி, கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் உட்கார வைத்தாள். அனுபவமுள்ள ஒருவர் தப்பாக இணைத்துவிட்டு, என்ன செய்வதென்று தெரியாமல் கணினியை மூடிவைத்தார். தூர்கெய்ர் பல்லைக் கடித்துக்கொண்டு பார்த்திருந்தார்.

மறுநாள் காலை அவரே அவள் மேசைக்கு வந்தார். "என்ன வேணும்னு சொல்லு. எழுதித் தரேன்."

அவளுக்குத் தெளிவாகத் தெரிந்திருந்தது. ஒவ்வொரு செயலுக்கும் முன்னால், என்ன நடக்கப்போகிறது என்று ஒரே ஒரு எளிய வரி. செய்து முடித்த பிறகு, 'முன்பிருந்தபடி ஆக்கு' என்று ஒரு பொத்தான். அந்தச் சொற்களுக்காக இருவரும் நாள்கணக்கில் சண்டை போட்டார்கள். கடைசியில் அவர்தான் விட்டுக்கொடுத்தார்.

குன்வோர் திரும்ப வந்தாள். வேண்டுமென்றே எல்லாவற்றையும் குழப்பச் சொன்னாள் இங்வில்ட். குன்வோர் தயங்கித் தயங்கிக் குழப்பினாள். பொத்தானை அழுத்தியதும் எல்லாம் பழையபடி வந்து நின்றது. யாரும் சொல்லாமலே மறுபடி குழப்பினாள், இன்னும் மோசமாக. அதுவும் சரியானது. இது எப்போது கைக்கு வரும் என்று கேட்டாள்.

தடுப்புக்குப் பின்னாலிருந்து தூர்கெய்ர் எழுந்து வந்தார். "வர்ற திங்கக்கிழமை" என்றார், மேலாளரிடம் ஒரு வார்த்தைகூடக் கேட்காமல்.

இங்வில்ட் மீதமிருந்த வேலையை மனத்துக்குள் ஓட்டிப் பார்த்தாள்.

"ஆமா, தந்துடலாம்" என்றாள்.