காரிடாரில் நகரும் கோதடி

1

சாட்சி சொல்ல வாருங்கள்! குடிசைகளை இடித்த இடத்தில் எழுந்த மும்பை ஆண்டாப் ஹில் அடுக்குமாடி ஒன்றின் ஏழாவது மாடிக்கு வாருங்கள். லிஃப்ட் ஓடவில்லை, படியேறித்தான் வரவேண்டும். அங்கே ஒரு பெண் தைத்துக்கொண்டிருக்கும்போதே, அவளுடைய துணியைத் தாங்கி நின்ற மேசைகளை உருவி எடுத்தார்கள். அந்த அநீதியிலிருந்துதான் இக்கதை பிறந்தது.

இல்லை. முதல் பத்தியிலேயே பொய் வேண்டாம். கதை அதற்கு முன்பே, வியப்பிலிருந்து பிறந்தது. ஒன்பதாவது மாடியில் குடியிருக்கும் நான் ஒருநாள் படியிறங்கி வந்தபோது, ஏழாவது மாடிக் காரிடாரில் மாபெரும் கோதடி ஒன்று, மேசைகளின் மேல், தானாக ஊர்ந்துகொண்டிருந்தது. பெருமழைநாள் கடல் அடங்கி ஒடுங்கி ஒரு வீட்டு வாசலுக்குள் நுழைவதைப் போல, அவ்வளவு துணியும் ஒரே கதவுக்குள் மெல்ல மெல்லப் போய்க்கொண்டிருந்தது. உள்ளே தையல் மெஷினின் ஓசை. மேடைகளில் மூச்சுவிடாமல் முழங்கிப் பழகிய நான் அன்று படியிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

(கோதடி என்பது மராத்தியர் நமக்குத் தந்த சொல். இரு துணிகளுக்கு நடுவே பஞ்சை விரித்து மூன்றையும் ஒன்றாகத் தைத்த கனத்த போர்வை.)

2

தொடக்கம் ஒன்று: “முப்பிடாதியம்மாள் ஓர் ஏழைத் தையற்காரி—”

அடித்துவிட்டேன். அவள் வீட்டில் ஃபிரிட்ஜ் இருக்கிறது. கணவன் தளவாய் விக்ரோலிப் பட்டறையில் வெல்டர். ‘ஏழை’ என்று எழுதியது தெரிந்தால் எனக்குக் காப்பி கிடைக்காது.

தொடக்கம் இரண்டு: “சமுதாயமே! நீ போர்த்தி உறங்கும் ஒவ்வொரு போர்வைக்கு அடியிலும்—”

இது ஒலிபெருக்கிக்கு உரியது. கைதட்டல் வரும், கோதடி நகராது.

தொடக்கம் மூன்று, கோதடியின் கரையிலிருந்து கிளம்பியது: கத்தரிப்பூ நிறம், மஞ்சள் நூல், மடிப்பின் நேர்த்தி. நானே மெச்சிக்கொண்டு அவளிடம் படித்துக் காட்டினேன்.

“ஓரத்துல ஆரம்பிச்சா நடுவுல சுருக்கம் விழும் அண்ணாச்சி,” என்றாள் முப்பிடாதி, தலை நிமிராமலே. “நட்டநடுவுல ஊசிய எறக்கணும். அங்கேருந்து வெளிய வரணும்.”

ஆகவே, நடுவில்.

3

ஊசி இறங்குகிறது. அவள் கட்டில் அகலத்துக் கோதடியின் மையத்தில் இருக்கிறாள். மெஷினோ வீட்டு மெஷின். ரவிக்கைக்கும் தலையணை உறைக்கும் செய்தது. ஊசிக்கும் மெஷின் உடலுக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளி. கோதடியின் பாதி அந்த ஒரு சாணுக்குள் நுழைந்து வெளியேற வேண்டும், ஒவ்வொரு வரிசைக்கும்.

தாராவிப் பட்டறையில் அவள் பல ஆண்டுகள் வேலை பார்த்தாள். பெரிய கோதடிகளை அகன்ற மெஷின்களில் ஆண்கள் தைப்பார்கள். பெண்கள் ஓரம் மடிப்பார்கள். இதுதான் அங்கே வழக்கம். வழக்கம் என்ற பெயரில் எத்தனை பெண்களை ஓரத்திலேயே— (நிறுத்துகிறேன். மேடை வாடை அடிக்கிறது.) திலக் நகர் வாடிக்கைக்காரி ஜெனிஃபர் தன் கட்டிலுக்கு ஒரு கோதடி கேட்டபோது, “முழுசா நானே தச்சுத் தாரேன்” என்று முப்பிடாதி சொல்லிவிட்டாள். பட்டறை மேஸ்திரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான்.

“வீட்டு மெஷின்ல டபுள் பெட்டா? கொடத்துக்குள்ள எருமைய எறக்கப் போறியாக்கும்!”

“எறங்குற மாதிரி எறக்குனா எறங்கும்வே.”

இதை முடித்தால் கோதடி செய்கிறவள். முடியாவிட்டால் மறுபடி ஓரம் மடிக்கிறவள். இவ்வளவுதான் இக்கதையின் பணயம்.

அவள் செய்வதைப் பாருங்கள். மூன்று அடுக்கும் நழுவாதபடி, உள்ளங்கை அகலத்துக்கு ஓர் ஊக்காகக் கோதடி முழுவதும் குத்தியிருக்கிறாள். இருபுறத்தையும் பாய் சுருட்டுவதைப் போல் சுருட்டி, ஒரு சுருளை அந்த ஒரு சாணுக்குள் செலுத்துகிறாள். துணி வழுக்காமலிருக்க, சைக்கிள் டியூபை நறுக்கி விரல்களில் வளையமாக மாட்டியிருக்கிறாள். இழுப்பதில்லை. தள்ளுவதுமில்லை. ஒரு பிடி துணியைத் தளர்த்தி ஊசிக்கு முன்னால் வைக்கிறாள்; ஊசி அதை எடுத்துக்கொள்கிறது; அடுத்த பிடி.

எல்லாவற்றிலும் பெரியது கனம். கோதடியின் கனத்தை ஊசி உணரவே கூடாது. உணர்ந்தால் தையல் கோணும், ஊசி ஒடியும். அந்தச் சிறிய அறையில் இவ்வளவு துணிக்கு இடமேது? அதனால் மெஷினை வாசலை நோக்கித் திருப்பி, கதவைத் திறந்து, கோதடியைக் காரிடாருக்கு அனுப்பிவிட்டாள். அங்கே மெஷினின் மட்டத்துக்கு மேசைகள் வரிசையாக நின்றன.*

* ஒன்று இஸ்திரிக் கடை முகம்மது ஹனீப் தந்தது. மற்றொன்று பக்கத்து வீட்டுப் பேராச்சியினுடையது. ஒரு கால் குட்டை. அதற்குக் கீழே ஓடு வைத்தார்கள். இந்தக் குறிப்புக்குக் கதையில் வேலையில்லை. ஆனாலும் அடிக்க மனம் வரவில்லை.

4

வானமாமலை வருகிறார். குடியிருப்புச் சொசைட்டியின் செக்ரெட்டரி, ஆபீஸ் வேலையிலிருந்து ரிட்டயர் ஆனவர், வாட்ச்மேனையும் அழைத்து வந்திருக்கிறார்.

“என்னம்மா, இது காரிடாரா, கோடவுனா?”

“இந்த ஒரு வரிசை முடியட்டும் சார். ஊசி துணிக்குள்ள நிக்கி.”

“நாளைக்கே தீப்பிடிச்சா ஜனங்க எப்படி எறங்குவா? நீ பதில் சொல்வியா?”

(அவருக்கு நியாயம் செய்தாக வேண்டும். கேள்வி சரியான கேள்வி. இதே காரிடாரில் தீயணைப்புப் பெட்டி குழாயில்லாமல் வெறுமையாகத் தொங்குவதைப் பற்றி மட்டும் அவர் கேட்டதில்லை.)

“பாதித் தையல் சார். இப்ப எடுத்தா—”

“ரூல்னா ரூல்தாம்மா. சாமான் எதுவும் காரிடார்ல இருக்கப்படாது. உடாவ்!” ‘தூக்கு’ என்று வாட்ச்மேனுக்கு இந்தியில் உத்தரவு.

வாட்ச்மேன் மேசைகளை உருவினான். கோதடி சரிந்தது. அதன் முழுக் கனமும் ஒரே இழுப்பில் உள்ளே ஊசியை எட்டியது. ‘டக்’.

அந்தச் சிறு ஓசைக்காகத்தான் உங்களைச் சாட்சிக்கு அழைத்தேன்.

5

முடிவு ஒன்று: வானமாமலை மனம் மாறுகிறார். கண் கலங்க, கோதடியின் ஒரு முனையைத் தாமே—

பொய். எழுதும்போதே என் பேனா நாணிற்று.

முடிவு இரண்டு: முப்பிடாதி விழுந்த கோதடியைக் கட்டிக்கொண்டு கதறுகிறாள். ஜெனிஃபரிடம் பாதியிலேயே திருப்பித் தருகிறாள்.

இதையும் அவளுக்குப் படித்துக் காட்டினேன்.

“நான் எப்ப அண்ணாச்சி அழுதேன்?” இடுப்பில் கைவைத்தாள். “ஊசி ஒடைஞ்சா வேற ஊசி மாட்டுவேன். நான் அழணும்னா நீங்க காசு குடுத்து ஆள் வையுங்க.”

அடித்துவிட்டேன். அழுகிறவளைப் பார்த்து நீங்களும் அழுவீர்கள். அழுதுவிட்டதால் கடமை தீர்ந்ததென்று வீடு திரும்புவீர்கள். அதற்கு இடங்கொடேன்.

6

நடந்தது இது. அவள் வேறு ஊசி மாட்டினாள். மேசைகள் போன வெற்றுக் காரிடாரை ஒருமுறை பார்த்தாள். அப்போது பக்கத்துக் கதவு திறந்தது.

“செக்ரெட்டரி சார்,” என்று கூப்பிட்டாள் பேராச்சி. “சாமான்தான வைக்கக் கூடாது? மனுசி நிக்கலாமில்லா?”

வானமாமலை படியில் நின்று திரும்பினார். “நின்னா... வழி விட்டு நிக்கணும்.”

“தீப்பிடிச்சா நாங்க ஓடிருவோம். மேசையா ஓடும்?”

சொல்லிவிட்டுக் கோதடியின் ஒரு முனையைத் தோளில் ஏந்திக்கொண்டாள். ஹனீப் மறுமுனைக்கு வந்தார். தளவாய் நடுவில் நின்றான். எதிர்வீடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். உள்ளே மெஷின் ஓடத் தொடங்கியதும், இத்தனை பேரும் அதன் வேகத்துக்கு ஏற்ப அரையடி அரையடியாக முன்னே நகர்ந்தார்கள். வரிசை முடிந்ததும் பின்னே வந்தார்கள். மேசைகள் கனத்தை மட்டும் தாங்கின. இவர்கள் கனத்தைத் தாங்கியபடியே துணியை ஊசியிடம் கொண்டுபோய்க் கொடுத்தார்கள்.

“ஹனீப் பாய், இழுக்காதீங்க!” என்றாள் உள்ளிருந்து முப்பிடாதி.

“நான் எங்கக்கா இழுக்கேன்? பேராச்சி அக்காதான் டான்ஸ் ஆடுது.”

“ஏய், அல்வா மாதிரி நெளியாம நில்லுங்க ரெண்டு பேரும்!”

மேடை மேடையாக நான் முழங்கிவந்த ஒற்றுமை இவ்வளவு சத்தமில்லாமல், இவ்வளவு கேலியோடு, என் மாடிக்கு இரண்டு மாடி கீழே நடந்துகொண்டிருந்தது. நானும் ஒரு முனையைப் பிடித்தேன். துணிக்குள் மெஷினின் அதிர்வு என் உள்ளங்கை வரை வந்தது. அதை எழுதத் தகுந்த சொல் இன்னும் கிடைக்கவில்லை. இடத்தை வெறுமையாக விடுகிறேன்: ________.

7

பாதிக் கோதடி முடிந்தது. மறுபாதி இருக்கிறது. பேராச்சி மாட்டுங்காவுக்குச் சமையல் வேலைக்குப் போகவேண்டும், போய்விட்டாள். ஹனீப் கடையில் துணி குவிந்து கிடக்கிறது. தளவாய்க்கு ஷிஃப்ட். எதிர்வீட்டு ஆட்களும் ஒவ்வொருவராகக் கலைந்துவிட்டார்கள். பேராச்சி விட்ட இடத்தில் கோதடி தொய்கிறது. மெஷின் நின்றுவிட்டது.

“ஆள் இருக்கா அண்ணாச்சி?” என்கிறாள் முப்பிடாதி உள்ளேயிருந்து.

முடிவை என்னிடம் கேளாதீர்கள். இரண்டு கைகளாலும் துணியைத் தாங்கி நிற்கிறேன். பேனாவைக் கீழே போட்டுவிட்டேன். இது நீங்கள் படித்து முடிக்கவேண்டிய கதையன்று. உங்கள் கட்டடத்திலும் இப்படியொரு திறந்த கதவு இருக்கும். அதற்குள் ஒருத்தி இருப்பாள். அவளைக் கடந்துதான் தினமும் படியிறங்குகிறீர்கள். எழுந்திருங்கள். இந்தத் தாளை மூடுங்கள். கதவைத் திறந்து வெளியே வாருங்கள். கைகளை மெஷினின் உயரத்துக்கு நீட்டுங்கள். இழுக்காதீர்கள், தாங்குங்கள்.