எஸ்தர் நகமோரியைத் தேடிய கதை

இருளாயிக்குக் கோபம் வந்தால் மேசை நாற்காலிக்கும் திட்டு விழும். ஈப்போவில் அவள் படித்த கல்லூரியின் நூலகத்தில் அன்றைக்கு அப்படித்தான் விழுந்தது. புத்தக விவர அட்டைகளை அடுக்கியிருக்கும் இழுப்பறையை, அந்த லாச்சியை, வெடுக்கென்று இழுத்தாள், டொம்மென்று தள்ளினாள். எஸ்தர் நகமோரி என்கிற மகராசியைக் காணவே காணோம்.

அமெரிக்க இலக்கிய வகுப்பில் விரிவுரையாளர் துரைசிங்கம் ஆளுக்கோர் எழுத்தாளரைக் கொடுத்திருந்தார். எல்லாரும் அமெரிக்கர்கள்தாம், ஆனால் எங்கெங்கிருந்தோ பிழைக்கப் போனவர்களின் வழிவந்தவர்கள். இருளாயிக்கு வாய்த்த எஸ்தர் நகமோரியின் தாத்தா ஜப்பானிலிருந்து ஹவாய்த் தீவுக்குப் போனவராம். வெள்ளிக்கிழமை வகுப்பின் முன்னால் நின்று அவளைப் பற்றிப் பேச வேண்டும்.

பேசித் தேற வேண்டும், அதுதான் முக்கியம். அப்பா ஐயாவு சுங்கை சிப்புட்டில் லாரி ஓட்டுகிறவர். ரப்பர்த் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்றபோது டவுனுக்கு வந்த குடும்பம். "கதப் பொஸ்தகம் படிக்க காலேஜ் எதுக்குலா? இந்தப் பாடத்துல தேறுனியா, படி. தேறலையா, அடுத்த மாசமே டைப்பிங் கிளாஸ்ல போய் ஒக்காரு," என்று சொல்லிவிட்டார். ஐயாவு சொன்னால் சொன்னதுதான். இருளாயிக்கோ கதை என்றால் உயிர், டைப்பிங் என்றால் வேப்பங்காய்.

புதன்கிழமையும் வந்துவிட்டது. எஸ்தர் என்ற பெயருக்குரிய லாச்சியை அடிவரைக்கும் துழாவியாயிற்று. புத்தகத் தலைப்புகளில் எத்தனையோ எஸ்தர்கள் இருந்தார்கள், கேக் செய்யச் சொல்லித் தரும் எஸ்தர் உட்பட. அவர்களில் ஒருத்திகூட நகமோரி இல்லை. 'புக்கே இல்லாத ஆளைக் கொடுத்துட்டீங்களே சார்' என்று துரைசிங்கத்திடம் போய்ச் சண்டை போடுவது என்று முடிவெடுத்தாள். வந்ததற்கு ஒரு துப்பறியும் நாவலாவது கொண்டுபோவோம் என்று ஒன்றை எடுத்துக்கொண்டு நூலகர் புனிதவதியின் மேசைக்குப் போனாள்.

யாழ்ப்பாணத்து வழியில் வந்த புனிதவதி உறுப்பினர் அட்டைகளை விரலால் தள்ளித் தள்ளி ஒன்றை உருவினார். "இந்தா இருக்கு, ஐயாவு."

"மிஸ், ஐயாவு எங்கப்பா. அவரு லாரியில இருக்காரு. புக்கு எடுக்க வந்தது நானு!"

"தெரியும் பிள்ளை. இங்க கடைசிப் பெயரை முன்னுக்கு வச்சுத்தான் அடுக்கிறது. வெள்ளைக்காரன்ட வழக்கம். கடைசியில நிக்கிறது குடும்பப் பெயரெண்டு அவனுக்கு நினைப்பு."

"ஆளுங்களையா, புக்கையா?"

"ரெண்டையும்தான்."

"அலாமா!" என்று இருளாயி போட்ட சத்தத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எல்லாரும் நிமிர்ந்தார்கள்.

அவள் மேல் என்ன தப்பு? அவள் வீட்டில் குடும்பப் பெயர் என்று ஒன்று கிடையாது. அவள் இருளாயி, பின்னால் நிற்பது அப்பா. ஒருத்தியைத் தேடுகிறோம் என்றால் அவளைத்தானே தேடுவோம், அவள் அப்பனையா தேடுவோம்? வெண்ணெயை வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாகிவிட்டது. ஓடிப்போய் நகமோரிக்குரிய லாச்சியை இழுத்தாள். இருந்தாள்! ஒரு நாவல், ஒரு சிறுகதைத் தொகுப்பு. போதாதற்கு, பல இனத்து அமெரிக்க எழுத்தாளர்களைப் பற்றிய கட்டுரை நூல் ஒன்றிலும் அவளுக்கென்று ஓர் அத்தியாயம்.

நாவலைப் பிரித்த இடத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். ஹவாயில் கரும்புத் தோட்டம். விடியுமுன் மணி அடிக்கிறது. கூலிகள் வரிசையில் நிற்கிறார்கள். குதிரைமேல் வந்த கங்காணி பெயர் கூப்பிட்டு விரட்டுகிறான். "அடியாத்தே, இது நம்ம பெரட்டுல்ல!" என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்கும் அந்தப் பெரட்டை அமெரிக்கப் புத்தகத்தில் பார்ப்போம் என்று அவள் கனவிலும் நினைத்ததில்லை. சந்தோஷம் தாங்கவில்லை. கையிலிருந்த துப்பறியும் நாவலை அங்கேயே மறந்துவிட்டாள்.

வெள்ளிக்கிழமை, லாச்சியோடு மல்லுக்கட்டியதிலிருந்து தொடங்கினாள். வகுப்பு விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு கரும்புத் தோட்டத்தையும் ரப்பர்த் தோட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, நாவலிலிருந்தும் கட்டுரையிலிருந்தும் எடுத்துக் காட்டினாள். துரைசிங்கம் லேசில் சிரிக்கிற மனிதர் இல்லை. அவரே, "அந்தக் குதிரைக்காரன் கத்தின இடத்தை இன்னொருக்கா வாசியும்," என்றார். வாசித்தாள். "தேறிட்டீர்," என்றார்.

சாயங்காலம் அப்பா சோற்றில் கை வைக்கும் முன்பே எல்லாவற்றையும் கொட்டிவிட்டாள்.

"அமெரிக்காவுலயுமா பெரட்டு?"

"ஆமாப்பா."

"கங்காணி திட்டுவானா?"

"நம்ம ஆளு தோத்தான்!"

"ஏமாந்தா ஓபி அடிப்பானுங்களா?"

"ஒருத்தன் கரும்புக்குள்ள படுத்துத் தூங்கியே போயிருறான்பா."

ஐயாவுக்குப் புரையேறியது. சிரித்து முடிக்கிறவரை சோறு ஆறிக்கொண்டே இருந்தது. "மிச்சத்தையும் படி," என்றார். அவள் நாவலை எடுத்துப் படித்துத் தமிழில் சொல்லச் சொல்ல, தட்டைக் கழுவாமலே கேட்டுக்கொண்டிருந்தார்.

மறுநாள் சாப்பாட்டுக் கடையில் ஹவாய்க்கே லாரி ஓட்டிப்போய் வந்தவர்போல ஐயாவு கரும்புத் தோட்டத்துக் கதையை அவிழ்த்துவிட்டார். மேசையைச் சுற்றிக் கூட்டம். கூட்டாளி சீனிக்கு மட்டும் ஒரு சந்தேகம். "அது இருக்கட்டும்ணே. மகள டைப்பிங்ல போடப் போறேன்னீங்களே, போட்டாச்சா?"

"டைப்பிங்கா?" ஐயாவு தேத்தண்ணிக் கிளாஸை ணங்கென்று வைத்தார். "போடா இவனே! கதை பாதியில நிக்குது, அவள அங்க அனுப்பிட்டா எனக்கு யாருடா படிச்சுக் காட்டுவா?"