முதல் தட்டு

பட்டாளத்துக்காரனைக் கண்டால் எழுந்து நிற்க வேண்டும் என்று நெருப்பெரிச்சல் ஊரில் உள்ள கருப்பாத்தாள் கார்மெண்ட்ஸில் முதன்முதலில் சட்டம் போட்டவர் சீனிச்சாமிதான். அவரை யார் கேட்டது என்று கேட்காதீர்கள், யாரும் கேட்கவில்லை. மகன் மாதவன் மிலிட்டரியில் சேர்ந்த நாளிலிருந்து டீ டைமில் கிளாஸ் கைக்கு வந்ததும் அவருக்கு இந்தப் பேச்சுதான். ஓவர்லாக் மிஷின் முன்னால் இருபது வருஷத்துக்கு மேல் குனிந்தே உட்கார்ந்து முதுகு வளைந்துபோன மனுஷன், மகன் பேச்சை எடுத்தால் மட்டும் நெஞ்சை நிமிர்த்திக்கொள்வார். அந்த ஐந்து நிமிஷத்துக்கு அவரைப் பார்க்கக் கொஞ்சம் உயரமாகக்கூட இருக்கும்.

பக்கத்து மிஷின் அந்தோணிராஜுக்கு வாய் சும்மா இருக்காது. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். கிறிஸ்துமஸுக்கு ஊருக்குப் போனபோது ரயிலில் ரிசர்வ் செய்த சீட்டில் ஒரு பட்டாளத்துக்காரன் பெட்டியைப் பரப்பி வைத்துக் காலை நீட்டிப் படுத்துக்கொண்டு எழுந்திருக்கவே மாட்டேன் என்றுவிட்டானாம். அண்ணாச்சி சொன்ன மாதிரியே அவனுக்கு மரியாதை கொடுத்து விடிய விடிய நின்றுகொண்டேதான் போனேன் என்று அவன் சொல்ல, லைனில் இருந்த அத்தனை பேரும் சிரித்தார்கள். சீனிச்சாமி விட்டுக்கொடுப்பாரா?

“சட்டைக்குள்ள இருக்கவன் நல்லவனா கெட்டவனான்னு பாக்கக் கூடாதுலே. அந்தச் சட்டைக்குத்தான் மரியாதை.”

“அப்ப அந்தச் சட்டையத் தச்சவனுக்கு என்ன மரியாதை அண்ணாச்சி?”

அந்தோணிராஜ் சும்மா வாய்க்கு வந்ததைத்தான் கேட்டான். சீனிச்சாமிக்கு டீ புரையேறிக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஏனென்றால் மாதவன் மிலிட்டரியில் டெய்லர். கோயம்புத்தூரில் ஆள் எடுத்தபோது, கையில் தையல் இருக்கிறது என்றுதான் அவனை எடுத்தார்கள். மத்தியப் பிரதேசத்தில் ஏதோ ஓர் ஊரில், ஸ்டோர்ஸுக்குப் பின்னால் ஓர் அறையில் மிஷின் போட்டு உட்கார்ந்திருக்கிறான். இது சீனிச்சாமிக்கும் மனைவி செல்லத்தாய்க்கும் மட்டும் தெரியும். கம்பெனியில் யாராவது பையன் எங்கே இருக்கிறான் என்று கேட்டால் சீனிச்சாமி வாயிலிருந்து வருவது ஒரே வார்த்தை: பார்டர். அதற்கு மேல் கேட்டால், அங்கே குளிர் ஜாஸ்தி என்பார்.

சரி, பெருமைக்கு ஒரு பொய். ஊரில் யார்தான் சொல்லவில்லை? ஆனால் இந்தப் பொய் போய் நின்ற இடம் வேறு.

கருப்பாத்தாள் கார்மெண்ட்ஸில் ஆயுத பூஜைக்கு ஒரு வழக்கம் உண்டு. மிஷினுக்கெல்லாம் சந்தனம் குங்குமம் வைத்து, சூடம் காட்டி, பூசணிக்காய் உடைத்ததும், முதல் தட்டு முதலாளியின் அண்ணன் தம்பிக்குப் போகாது, சரக்கு எடுக்க வரும் பையருக்கும் போகாது. மிஷினில் ரொம்ப வருஷம் உட்கார்ந்த ஆள் யாரோ அவருக்குத்தான். முதலாளி பொங்கியண்ணனின் அம்மா கருப்பாத்தாள், நாலே நாலு மிஷினோடு கம்பெனி இருந்த காலத்தில் தொடங்கி வைத்தது. வேட்டி துண்டு, தேங்காய் மூடி, பழம், வெற்றிலை பாக்கு எல்லாம் வைத்து முதலாளியே இரண்டு கையாலும் தூக்கிக் கொடுப்பார். வாங்கி முடிக்கிறவரைக்கும் எல்லோரும் நிற்க வேண்டும். இத்தனை வருஷமாக அதைச் சுப்பண்ணன் வாங்கிக்கொண்டிருந்தார். இந்த வருஷம் கண் பார்வை சரியில்லை என்று அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அடுத்த ஆள் சீனிச்சாமி.

அவருக்கு ஆவணியிலேயே தலைகால் புரியவில்லை. புதுச் சட்டை எடுத்தாயிற்று. பெருமாநல்லூரில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குச் சொல்லியாயிற்று. வருஷம் முழுக்க யாரும் ஏறெடுத்துப் பார்க்காத ஒருத்தனுக்காக அன்றைக்கு ஒரு நிமிஷம் கம்பெனியே எழுந்து நிற்கும். அந்த ஒரு நிமிஷத்துக்காக அந்த மனுஷன் எத்தனை வருஷம் காத்திருந்தார் என்று செல்லத்தாயைக் கேட்டால் தெரியும். அவளும் அதே கம்பெனியில் பிசிறு வெட்டுகிறவள்தான்.

பூஜைக்கு நாலு நாள் இருக்கும்போது மாதவன் லீவில் வந்து சேர்ந்தான். பழைய கூட்டாளிகளைப் பார்க்கக் கம்பெனிக்குப் போனவனின் ஒட்ட வெட்டிய தலையைப் பொங்கியண்ணன் ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்துவிட்டார். பொங்கியண்ணனுக்கு மிலிட்டரி என்றால் உயிர். கார்கில் சண்டையின்போது பனியனில் தேசியக்கொடியை அச்சடித்து விற்று அந்த வருஷமே மாடி கட்டியவர், உயிராக இல்லாமல் என்ன செய்யும்? வாங்க தம்பி, உட்காருங்க தம்பி என்று அவரே நாற்காலியை இழுத்துப் போட்டார். மகன் பின்னாலேயே வந்த சீனிச்சாமி அந்த ஆபீஸ் அறைக்குள் இதுவரை உட்கார்ந்ததில்லை, அன்றைக்கும் நின்றுகொண்டுதான் இருந்தார்.

“எதிரிய நேர்ல பாத்திருக்கீங்களா தம்பி?”

மாதவன் வாயைத் திறப்பதற்குள் சீனிச்சாமி முந்திக்கொண்டு, அதெல்லாம் வெளியில் சொல்லக்கூடாத ரகசியம் என்று சொல்லிவிட்டார். பொங்கியண்ணன் முழங்கையைத் தூக்கிக் காட்டினார். மயிர் குத்திட்டு நின்றது. அப்போதே முடிவு எடுத்துவிட்டார்: இந்த வருஷம் முதல் தட்டு மாதவனுக்கு.

“ஏப்பா சீனிச்சாமி, பையனுக்குக் குடுத்தா உனக்குக் குடுத்த மாதிரித்தானே?” என்று சிரித்தார். பெரிய பரிசு ஒன்றைக் கொடுத்துவிட்ட சிரிப்பு. சீனிச்சாமி என்ன சொல்வார்? ஆமாம் மொதலாளி என்றார். சட்டைக்கு மரியாதை என்று டீ டைமில் வாய் கிழியப் பேசிய மனுஷன் இப்போது வேறு என்ன சொல்ல முடியும்? மிஷினுக்குத் திரும்பி வந்தவர் அன்று மாலைவரை குனிந்த தலை நிமிராமல் தைத்தார். அந்தோணிராஜ்கூடக் கிண்டல் செய்யாமல் விட்டுவிட்டான்.

மறுநாளே கேட்டில் பிளக்ஸ் ஏறியது. பிளக்ஸ் அடித்தவன் எங்கிருந்தோ ஒரு சிப்பாயின் உடம்பை எடுத்து அதில் மாதவனின் தலையை ஒட்டியிருந்தான். கையில் பெரிய துப்பாக்கி, பின்னால் பனிமலை. கழுத்து மட்டும் கறுப்பும் சிவப்புமாக இரண்டு நிறத்தில் இருந்தது. அதைப் பார்த்த மாதவனுக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. லைன் வீட்டுக்கு வந்ததும் அப்பாவைப் பிடித்துக்கொண்டான்.

“எப்பா, அது ஒனக்கு வரவேண்டிய தட்டு. நான் டெய்லர்னு ஒரு வார்த்தை சொல்லிட்டா ஒனக்கே வந்துரும்லா?”

“சொல்லாத.”

“ஏன், தையல் என்ன களவா?”

பதில் இல்லாவிட்டால் அப்பாக்கள் என்ன செய்வார்களோ அதைச் சீனிச்சாமி செய்தார், கத்தினார். ஊர் சிரிக்கும், என் மானம் போகும், அம்மா தலையில் அடித்துச் சத்தியம் பண்ணு என்று குதித்தார். வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த செல்லத்தாய், என் தலையை இதில் இழுக்காதே என்று அரிவாள்மனையைத் தள்ளி வைத்தாள். ஒன்று தட்டு வேணும்னு சொல்லு, இல்லையென்றால் பார்டர் வேணும்னு சொல்லு, ரெண்டையும் கட்டிப் பிடித்துக்கொண்டு எங்களை ஏன் வதைக்கிறாய் என்று கேட்டாள். நியாயமான கேள்விதான். ஆனால் அவருக்கு இரண்டும் வேண்டும். மாதவன் சத்தியமும் பண்ணவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான்.

பூஜையன்று கம்பெனி கல்யாண வீடு போல இருந்தது. மிஷினுக்கு மிஷின் மாலை, பொரிகடலை மூட்டை, ஸ்பீக்கரில் பாட்டு. சூடம் காட்டி முடித்ததும் பொங்கியண்ணன் மைக்கைப் பிடித்தார். நாமெல்லாம் இங்கே நிம்மதியாகப் பனியன் தைக்கிறோம் என்றால் அங்கே ஒருத்தன் தூங்காமல் நிற்கிறான் என்று ஆரம்பித்து, கடைசியில் ஜெய்ஹிந்த் என்று கத்தி முடித்தார். பொன்னாடை போர்த்தினார். தட்டை இரண்டு கையாலும் தூக்கி மாதவனிடம் கொடுத்தார். கம்பெனியே எழுந்து நின்றது. சீனிச்சாமியும் நின்றார். பெற்ற மகனுக்குத்தான் நிற்கிறோம், ஆனாலும் வயிறு எரிகிறதே, இது என்ன பிறவி என்று தன்னையே திட்டிக்கொண்டு நின்றார். போட்டோக்காரர் நாலைந்து படம் எடுத்தார். தம்பி பார்டரைப் பற்றி இரண்டு வார்த்தை பேசட்டும் என்று மைக்கை நீட்டினார் பொங்கியண்ணன்.

மாதவன் ஒரு கையில் தட்டும் ஒரு கையில் மைக்குமாக நின்று அப்பாவை ஒருமுறை பார்த்தான்.

“நான் பார்டருக்குப் போனதே இல்லீங்க. ட்ரெயினிங்ல துப்பாக்கி பிடிச்சேன், அதுக்கப்புறம் ஊசிதான். அங்க நான் டெய்லர். ஜவானுங்களுக்குப் பேண்ட் ஆல்ட்டர் பண்ணுவேன், மேஜர் வீட்டு ஜன்னலுக்குத் திரை தைப்பேன். அந்தத் தொழில இந்தக் கம்பெனி மிஷின்ல ஒக்கார வச்சு எங்கப்பாதான் சொல்லிக் குடுத்தாரு. தட்டு அவருக்குத்தான் சேரணும்.”

யாரோ பின்னால் களுக்கென்று சிரித்தார்கள். சீனிச்சாமிக்கு அந்த இடத்திலேயே பூமிக்குள் புதைந்துபோகலாம் போலிருந்தது. பொங்கியண்ணனின் முகம் சுண்டிவிட்டது. “டெய்லரா?” என்றார். அந்தத் தட்டே டெய்லருக்கென்று அவருடைய அம்மா வைத்த தட்டு. அதன் பக்கத்தில் நின்றுகொண்டுதான் அப்படி முகத்தைச் சுளித்தார். “சரி சரி, உங்கப்பங்கிட்டயே குடுத்துரு” என்று சொல்லிவிட்டு, போட்டோக்காரரிடம் போதும் என்று கை காட்டினார். அதற்குள் செல்போன் அடித்தது. ஷிப்மெண்ட் விஷயம். அவர் பேசிக்கொண்டே அந்தப் பக்கம் நகர்ந்துவிட்டார்.

மாதவன் நேராக வந்து தட்டை அப்பாவின் கையில் வைத்தான். அவருக்காக யாரும் நிற்கவில்லை. பொரிப் பொட்டலம் கொடுக்கத் தொடங்கியிருந்ததால் எல்லோரும் அங்கே முண்டிக்கொண்டிருந்தார்கள். அந்தோணிராஜ் ஒருத்தன் மட்டும் வந்து, அண்ணாச்சி, நல்லாயிருங்க என்று சொல்லிவிட்டுப் போனான். மகனை ஓங்கி அறையலாமா என்று ஒரு நிமிஷம் தோன்றியது சீனிச்சாமிக்கு. அடுத்த நிமிஷம் முதலாளியின் சுண்டிப்போன முகம் நினைவுக்கு வந்து கோபம் அந்தப் பக்கம் திரும்பியது. ஆனால் அங்கேயும் அது நிலைத்து நிற்கவில்லை. பொங்கியண்ணனை மட்டும் சொல்லி என்ன ஆகப்போகிறது? டெய்லர் என்ற வார்த்தையை இரண்டு வருஷமாக நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தவர் யார்? அந்த வேலை கேவலம் என்று முதலில் தீர்ப்புச் சொன்னவரே அவர்தான். தானும் அதே வேலையைச் செய்துதான் சோறு தின்கிறோம் என்பது மட்டும் எப்படியோ மறந்துபோயிருந்தது.

செல்போனை மூடிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு பொங்கியண்ணன் திரும்பி வந்தார். முகம் தெளிந்திருந்தது. நல்ல யோசனை ஏதோ கிடைத்துவிட்ட தெளிவு.

“ஏப்பா மாதவா, நாளைக்கு விசயதசமி, நல்ல நாளு. ஆளுக பாதிப் பேரு இன்னிக்கே ஊருக்குப் போறானுக, சரக்கு நிக்குது. லீவுல சும்மாதான இருக்கற? காலைல வந்து ஒரு ஷிப்ட் உக்காந்து குடுத்துட்டுப் போ.”

பொன்னாடை இன்னும் மாதவனின் தோளில்தான் இருந்தது. அவனுக்கு ஒன்றும் ஆகவில்லை. மேஜர் வீட்டில் இதைவிட மோசமாகக் கேட்டுப் பழகியவன், சிரித்தான். ஆனால் சீனிச்சாமிக்கு நெஞ்சில் சுருக்கென்றது. அன்றைக்கு வாங்க தம்பி என்ற வாய் இன்றைக்கு ஏப்பா உக்காரு என்கிறதே, என் பிள்ளை என்ன குறைந்துவிட்டான், ராத்திரியில் திருடினானா என்று பொங்கி வந்தது. அப்புறம்தான் உறைத்தது. இந்தக் குரல் புதுசு இல்லை. இருபது வருஷத்துக்கு மேலாக அவரை அழைத்த குரல் இதுதான். மகனை அழைத்தபோதுதான் அது எப்படிப்பட்ட குரல் என்று அவர் காதுக்குத் தெரிந்தது. கையில் இருந்த தட்டைச் செல்லத்தாயிடம் கொடுத்தார்.

“அவன் வரமாட்டான் மொதலாளி” என்றார்.

பொங்கியண்ணன் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அதனாலென்ன, மிலிட்டரிக்காரருக்கு லீவு என்றால் லீவாகவே இருக்கட்டும், நீ ரெண்டு ஷிப்டாப் பார்த்துவிடு என்று சொல்லிக்கொண்டே ஒரு பிடி பொரியை வாயில் போட்டார்.

“நானும் வரலை.”

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. காய்ச்சல் என்றாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்த ஆள், பெற்ற தாய் செத்ததற்கே மூன்றாம் நாள் திரும்பி வந்த ஆள், இப்போது நேருக்கு நேராக நின்று முகத்தைப் பார்த்துச் சொல்கிறார். பொங்கியண்ணன் மெல்லுவதை நிறுத்தினார். அந்தப் பெரிய ஹாலை ஒருமுறை சுற்றிப் பார்த்தார். மிஷினெல்லாம் சந்தனப் பொட்டோடு நின்றிருந்தது, நாளைக்கு உட்காரத்தான் ஆளில்லை.

“ஏனுங்க சீனிச்சாமி, இத்தன வருசமா கூட இருந்துட்டு நீங்களே இப்பிடிச் சொன்னா எப்படிங்க?” என்றார்.

நாள் தவறாமல் வந்து உட்கார்ந்தபோதெல்லாம் கிடைக்காத மரியாதை, ஒரு நாள் வரமாட்டேன் என்றதும் வாய் நிறைய வந்தது. சீனிச்சாமி அதையும் கேட்டுக்கொண்டார். கேட்டுக்கொண்டு, மனைவியையும் மகனையும் கூட்டிக்கொண்டு வெளியே நடந்தார்.