மீதிப் பத்தொன்பது

அந்த அனல்மின் நிலையத்தில், யூனிட் எனப்படும் ஒரு மின்னாக்க இயந்திரத்தை நூற்றுக்கு எவ்வளவு நம்பலாம் என்று மதிப்பிட்டுக் கையெழுத்துப் போடுகிறவர், மீதியைத் தானே உற்பத்தி செய்து கொடுக்க வேண்டும். தொண்ணூற்றேழு என்று எழுதினால், நூறு மணி நேரத்தில் மூன்று மணி நேரம் அவர் அந்த யூனிட்டாக இருப்பார். அதற்காக ஒவ்வொரு யூனிட்டின் பக்கத்திலும் ஒரு மர நாற்காலியும் இரண்டு பித்தளைக் கைப்பிடிகளும் உண்டு. கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு கவலைப்பட்டால் போதும்.

இசக்கியம்மாள் வேலைக்குச் சேர்ந்து நாலு மாதம் ஆகியிருந்தது. அவள் வீட்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள்தான். மூன்றாம் யூனிட்டை அவளிடம் கொடுத்திருந்தார்கள். அது நின்ற நேரங்களையெல்லாம் கூட்டி, வகுத்து, கீழிருந்து மேலாக இன்னொரு முறை கூட்டிப் பார்த்து, எண்பத்தொன்று என்று எழுதினாள்.

முதல் யூனிட்டுக்குப் பதினோரு வருடமாகத் தொண்ணூற்றொன்பதரை போட்டுவருகிற சவரிமுத்து, பக்கத்து மேசையிலிருந்து எட்டிப் பார்த்தார்.

“எம்பத்தொண்ணா? ஏம்மா, ஒனக்கு வீடு வாசல் கெடையாதா?”

“கணக்கு அப்படித்தான் வருது சார்.”

“கணக்கு வரும். நீயில்லா போய் ஒக்காரணும்? தொண்ணூத்தெட்டுன்னு போட்டுட்டுப் போவியா.”

“போட்டா, மிச்சப் பதினேழு மணி நேரத்துக்கு யாரு சார் இருப்பா?”

“ஒருத்தரும் இருக்க மாட்டாவ. கரண்டு போகும். கொசு கடிக்கும். ஊரு பழகிருச்சு.”

அவள் பேனாவை மூடிவைத்து யோசித்தாள். அரசு மருத்துவமனையின் கண் ஆபரேஷன் அறைக்கு மூன்றாம் யூனிட்டிலிருந்துதான் லைன் போகிறது. மருத்துவமனை ஜெனரேட்டர் அந்த மாதம் தன் சொந்த ஊருக்குப் போயிருந்தது. வருகிற செவ்வாய்க்கிழமை காலை பத்து மணிக்கு அங்கே அவளுடைய அப்பாவுக்குக் கண்புரை எடுக்கிறார்கள். சம்மதப் படிவத்தை வாசித்துக் கையெழுத்துப் போட வீட்டில் அவளைத் தவிர ஆள் இல்லை.

பேனாவைத் திறந்து, எண்பத்தொன்றுக்குக் கீழே கையெழுத்துப் போட்டாள்.

செவ்வாய்க்கிழமை ஒன்பதே காலுக்கு மூன்றாம் யூனிட் டிரிப் ஆகி நின்றது.

நாற்காலியில் உட்காருகிறவருடைய அன்றைய சொந்த வேலைகளை யூனிட் பார்த்துக்கொள்வது வழக்கம். இசக்கியம்மாள் அப்பாவின் ஆஸ்பத்திரிச் சீட்டை அதனிடம் கொடுத்து, எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று சொன்னாள். படிவத்தை முழுக்க வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட வேண்டும் என்று இரண்டு தடவை சொன்னாள். யூனிட் பஸ்ஸின் பின்வாசல் வழியாக ஏறியது. கண்டக்டர், “உள்ள தள்ளிப் போங்க, உள்ள எடம் கெடக்கு” என்றார்.

அவள் உட்கார்ந்து கைப்பிடிகளைப் பிடித்தாள். மீட்டர் முள் இருநூற்றுப் பத்து மெகாவாட்டுக்கு ஏறி அங்கேயே நின்றது. கவலையில் அவளுக்கு ஒருநாளும் குறை வந்ததில்லை.

பதினொன்றரைக்குப் பையில் செல்போன் அடித்தது. சவரிமுத்து எடுத்துப் பார்த்தார்.

“அம்மான்னு போட்டிருக்கு. காதுல வைக்கவா?”

“நல்லபடியா முடிஞ்சுதுன்னு சொல்லிட்டா என்ன சார் செய்ய?”

அவர் முள்ளைப் பார்த்தார். “எறங்கிரும்.”

“இன்னும் எத்தனை பேரு வரிசையில இருப்பாவ?”

“செவ்வாக்கெழமன்னா பதினாலு பேரு.”

“அப்ப வேண்டாம் சார்.”

செல்போன் ஆறு தடவை அடித்து ஓய்ந்தது. ஒவ்வொரு தடவைக்கும் முள் ஒரு கோடு ஏறியது. சவரிமுத்து செல்போனைத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, அவள் தண்ணீர் குடிக்கத் தம்ளரை வாயருகே பிடித்தார்.

நாலரைக்கு யூனிட் திரும்பி வந்தது. சற்று மூச்சு வாங்கிவிட்டுத் தன் இடத்தில் ஓடத் தொடங்கியது. இசக்கியம்மாள் மரத்துப்போன விரல்களை நீவிக்கொண்டே அம்மாவை அழைத்தாள்.

“காலையிலேருந்து அடிக்கேன், எடுக்க மாட்டேங்கியே. எல்லாம் நல்லபடியா முடிஞ்சுது. ஒனக்குப் பதிலா வந்துச்சே, அது படிவத்த ஒரு வரி விடாம சத்தமா வாசிச்சுது. அப்பாவுக்கு ஒரே திருப்தி. நீ வாசிச்சா அவசரமா வாசிப்பியாம்.”

“டாக்டரு என்ன சொன்னாரு?”

“நாப்பது நாளு அப்பா உப்பளத்து வேலைக்குப் போகப்பிடாதாம். வெயில்ல உப்பு மின்னும், கண்ணு கூசுமாம். அதான், நிக்குத நேரமெல்லாம் அவருக்குப் பதிலா நான் வந்து உப்பு வாருதேன்னு அது சொல்லிட்டுப் போயிருக்கு.”

“அதுவா சொல்லிச்சு?”

“பின்ன, நாங்களா கேட்டோம்?”

அதன் பிறகு மூன்றாம் யூனிட் நூறு மணி நேரத்தில் சரியாகப் பத்தொன்பது மணி நேரம் நின்றது. கூடவும் இல்லை, குறையவும் இல்லை. அந்த நேரங்களில் இசக்கியம்மாள் நாற்காலியில் உட்கார்ந்து, அதற்கு பஸ் கிடைத்திருக்குமா, வெயில் தாங்குமா, காலில் உப்பு அறுத்திருக்குமா என்று கவலைப்பட்டாள். முள் அசையவில்லை.

இரண்டு வாரம் கழித்து, பஸ் நிலையத்தை ஒட்டிய ஓட்டல் முதலாளி புகார்ப் பிரிவுக்கு போன் செய்தார். அவளிடம் கொடுத்தார்கள்.

“மேடம், மூணு நாளா எங்க கடை டியூப்லைட் வெளிச்சம் உப்புக் கரிக்கு. சாம்பார் வாளி நேரா அதுக்குக் கீழதான் இருக்கு. என்ன செய்ய?”

அவள் நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினாள். நாற்பதுக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருந்தது.

“அதுவரைக்கும் சாம்பாருக்குப் பாதி உப்பு போடுங்க அண்ணாச்சி” என்றாள்.