இரைச்சல் போட்ட உச்சி விளக்கு

படகு ஓட்டும் உரிமம் மனைவியிடம் இருந்தது. எப்படி ஓட்ட வேண்டும் என்ற அறிவுரை முழுவதும் கணவரிடம் இருந்தது. அதனால் படகுத்துறையில் அவருக்குக் 'கேப்டன்' என்று பெயர். அது கேலிப் பெயர் என்பது அவரைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

பகலில் மட்டும் ஆட்களை அக்கரை சேர்க்கும் படகு அது. இருட்டிய பிறகும் ஓட்ட அனுமதி கிடைத்தால்தான் குடும்பம் தலைநிமிரும். ஆனால் பழைய குண்டு பல்புகள் பேட்டரியை உறிஞ்சிக் குடித்தன. விளக்கைப் போட்டுவிட்டுச் சற்று நின்றால் இன்ஜின் கிளம்ப மறுத்தது.

"எல்லாத்தையும் எல்.இ.டி.யா மாத்திடறேன். எனக்கு இது சுண்டைக்காய் வேலை" என்றார் கேப்டன்.

அந்த அனுமதிக்காகத் துறைமுக அதிகாரி படகைச் சோதிக்க வரும் நாளன்று மதியம் மாட்டி முடித்து, கோட்டையைப் பிடித்த தளபதி போலக் கொடிமரத்திலிருந்து இறங்கினார். படகின் இரு பக்கத்துச் சிவப்பு, பச்சை விளக்குகள் எரியவில்லை.

"பிளஸ்ஸும் மைனஸும் மாறிப் போச்சுங்க" என்று மனைவி திருப்பி மாட்டினாள்.

"தெரியும். நீ கவனிக்கறியான்னு பார்த்தேன்."

விளக்குகள் ஜொலித்தன. அதிகாரி வந்ததும் எல்லா விளக்கையும் போட்டு, துறைமுகக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தை ரேடியோவில் கூப்பிட்டுப் பதில் வாங்கிக் காட்ட வேண்டும். ஒத்திகைக்கு ரேடியோவைத் திருகினார்கள். காய்ந்த எண்ணெயில் தண்ணீர் விழுந்தது போல ஒரே இரைச்சல்.

"மாமா, அது உங்களைத்தான் திட்டுது போல" என்றான் படகில் கூடமாட உதவும் மச்சினன்.

"கடல் காத்துல இன்னிக்கு உப்பு ஜாஸ்தி. அதான்."

"நேத்து கடல்ல சர்க்கரையா இருந்துச்சு?" என்ற மனைவி, விளக்குகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். சிவப்பு போனது, இரைச்சல் போகவில்லை. பச்சை போனது, போகவில்லை. கொடிமரத்து உச்சி விளக்கை அணைத்ததும் ரேடியோ கப்சிப். ரேடியோவின் ஏரியலை ஒட்டியே இருந்த அந்தப் புது எல்.இ.டி.தான் இரைச்சலைக் கிளப்பியிருந்தது.

கரையில் அதிகாரியின் வண்டி வந்து நின்றது. கேப்டன் பழைய குண்டு பல்பு ஒன்றை எடுத்துக்கொண்டு கொடிமரத்து ஏணியில் ஏறினார். மாட்டிவிட்டு இறங்குவதற்குள் தோல்விக்கு ஒரு பெயர் சூட்டியிருந்தார்.

"கலப்பு முறை! கீழே புதுமை, உச்சியில அனுபவம். யோசிச்சுத்தான் செஞ்சேன்."

"யோசனை ஏணியிலதான் வந்துச்சா மாமா?"

அதிகாரி விளக்குகளைச் சுற்றிப் பார்த்துத் தலையாட்டினார். "கோபுரத்தைக் கூப்பிடுங்க."

மனைவி கை நீட்டுவதற்குள் மைக் கேப்டன் கைக்குப் போயிருந்தது. குரல் கேட்கிறதா என்று மட்டும் கேட்க வேண்டிய இடத்தில் கலப்பு முறையின் மகிமையை ஆரம்பித்தார். கோபுரத்திலிருந்து பதில் கணீரென்று வந்தது: "தெளிவாக் கேக்குது. போதும்." கேப்டன் நிறுத்தவில்லை. கோபுரம் கத்தியது: "ஐயா, தெளிவாக் கேக்குது! லைனை விடுங்க, மத்த படகெல்லாம் காத்துக்கிட்டிருக்கு!"

அதிகாரி அவசரமாகக் கையெழுத்துப் போட்டு மனைவியிடம் நீட்டினார்.

"இன்னிக்கே ஓட்டலாம்மா. அவரை மட்டும் நிறுத்தச் சொல்லுங்க."